அத்தை என்கிற நூற்று இருபது சைக்கிள்

பூங்கா அலுவலகத்தின் இரண்டாவது மாடிச் சுவரில் என் அத்தை இருக்கிறாள். புகைப்படமாக இல்லை, ஏறி இறங்கும் ஒரு நீலக் கோடாக. கோட்டுக்குக் கீழே ‘சைக்கிள் போக்குவரத்து’ என்று அச்சடித்திருக்கிறார்கள். சுத்தப் பொய். அது சைக்கிள் இல்லை, என் அத்தை. எடுத்த எடுப்பில் இப்படிச் சொன்னால் எனக்கு மறை கழன்றுவிட்டது என்பார்கள். அதனால் முதலிலிருந்து வருகிறேன். நடுவில் கோபம் வந்து நான் தடம் மாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் கோபம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஊரின் ஓரத்தில், வீடுகள் முடிந்து புல்வெளி தொடங்கும் இடத்தில், ஆற்றை ஒட்டி ஒரு தார்ப்பாதை போகிறது. நடக்கிறவர்களும் சைக்கிள்காரர்களும் அதில்தான் போவார்கள். பாலத்திலிருந்து பம்ப் ஹவுஸ் வரையுள்ள துண்டைப் பெருக்குவது அத்தையின் வேலை. பதினோரு வருடங்களாகப் பெருக்குகிறாள். காலை ஆறு மணிக்குத் தொடங்கி மதியம் இரண்டு மணிக்கு முடிப்பாள். ஒரு நீளக் காம்புத் துடைப்பம், இரும்புப் பல் வைத்த வாரி, நான்கு சக்கரத் தள்ளுவண்டி. வண்டியின் ஒரு சக்கரம் எலி மாதிரிக் கத்தும். எண்ணெய் விடச் சொன்னால் விடமாட்டாள். "அது கத்துறதாலதான் காதுல பாட்டை மாட்டிக்கிட்டு ஓடறவன்கூடத் திரும்பிப் பாக்கறான். இல்லன்னா என் மேலயே ஏறிப் போயிடுவான்" என்பாள்.

அத்தையின் பெருக்கலில் ஒரு தனிக் கிறுக்கு உண்டு. மற்ற பகுதிக்காரர்கள் சருகைப் பத்து இடத்தில் குவித்து வைத்துவிட்டுப் பன்னிரண்டு மணிக்கு மொத்தமாக அள்ளுவார்கள். அத்தை குவிக்கமாட்டாள். கூடையளவு சேர்ந்ததும் வண்டியில் போட்டு, சருகுக் குழியில் கொட்டிவிட்டுத்தான் அடுத்த வீச்சு.

"ஏன் அத்தை இப்படி நடையா நடக்கற? குவிச்சு வெச்சு ஒரே தடவையா அள்ளேன்" என்று கேட்டேன்.

"ஆத்துக் காத்து என்ன என் சம்பந்தியா, நான் வர்ற வரைக்கும் மரியாதையாக் காத்திருக்க? குவிச்சு வெச்சாப் பத்தே நிமிஷத்துல மறுபடி பாதையெல்லாம் இறைச்சு வெச்சுடும். ஒரே குப்பையை ரெண்டு தடவை பெருக்க எனக்கென்ன வேண்டுதலா?"

பெரிய மரங்கள் பாலத்துப் பக்கம் நிற்கின்றன. சருகுக் குழி அவற்றைத் தாண்டி, பம்ப் ஹவுஸ் போகிற வழியில் இருக்கிறது. நடுவில் நாற்பது அடி எடுத்து வைக்கிற தூரம். இலை கொட்டுகிற காலத்தில் அத்தை அந்த நாற்பது அடியை ஒரு நாளில் அறுபது தடவை போய் வருவாள். இது நினைவிருக்கட்டும், மொத்த அநியாயமும் இந்த நாற்பது அடியில்தான் கிடக்கிறது.

மாமா இருபத்தாறு வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். வலது கையும் வலது காலும் போயின. பேச்சும் போனது. ஆனால் முழுதாகப் போகவில்லை. வேலையில் சொல்லிச் சொல்லித் தேய்ந்த சில சொற்கள் மட்டும் நாக்கில் ஒட்டிக்கொண்டு நின்றன. ‘ரைட்’ ஒன்று. ‘முன்னாடி போ’ ஒன்று. தண்ணீர் வேண்டுமென்றாலும் ‘முன்னாடி போ’தான். தலைவலி என்றாலும் அதேதான். அத்தை தலை வாரி முகம் கழுவி வந்து நின்றால் அப்போதும் ‘முன்னாடி போ’தான், ஆனால் குரல் வேறாக இருக்கும். அத்தைக்கு எல்லாக் குரலும் அத்துப்படி. "சும்மா இருங்க, பொண்ணு இருக்கா" என்பாள். நான் உடனே ஜன்னலில் ஏதோ காக்காய் உட்கார்ந்திருக்கிற மாதிரிப் பார்ப்பேன்.

பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒன்பதாம் வகுப்போடு உறவு முறிந்தது. தலைமையாசிரியர் நாற்காலியில் கோந்து தடவியது யார் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு. அப்பா என்னை அவர் தங்கை வீட்டில் கொண்டுவந்து விட்டார். அந்தத் தங்கைதான் அத்தை.

மருத்துவமனையில் உடற்பயிற்சி சொல்லித்தரும் அம்மா மாமாவின் காலைத் தட்டிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார். "தினமும் நடக்கணும். நடந்தாத்தான் இது கால். ஆறு மாசம் நிறுத்தினீங்கன்னா கட்டை. அப்புறம் நான் வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது."

மாமாவால் ஒரே மூச்சில் தொண்ணூறு அடி நடக்க முடியும், மிஞ்சிப் போனால் நூறு. அதற்குமேல் இடுப்பு விட்டுவிடும், உட்கார்ந்தாக வேண்டும். ஆற்றங்கரைப் பாதையில் ஐந்து பெஞ்சுகள் இருந்தன. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் மாமாவின் அடியில் சரியாகத் தொண்ணூறு. யார் எப்போது போட்டார்களோ தெரியாது, மாமாவின் காலை அளந்து போட்ட மாதிரி இருந்தது. முதல் வருடம் முழுக்க ஒன்றிலிருந்து இரண்டு. அடுத்த வருடம் மூன்று. அத்தை பெருக்கிக்கொண்டே ஒரு கண்ணை அவர் மேல் வைத்திருப்பாள். இந்த வருடம் ஒரு காலையில் மாமா ஐந்தாவது பெஞ்சு வரை, பம்ப் ஹவுஸ் வரை, வந்து சேர்ந்தார். அத்தை துடைப்பத்தைப் புல்லில் போட்டுவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். பதினோரு வருடத்தில் வேலை நேரத்தில் அவள் பெஞ்சில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். எனக்குக் கண்ணில் தூசி விழுந்துவிட்டதால் மீதியைப் பார்க்கவில்லை.

அந்த மாதம்தான், இலை கொட்டுகிற நேரத்தில், ரப்பர் குழாய் வந்தது. அலுவலகத்திலிருந்து இருவர் வந்து, மரங்களுக்கும் சருகுக் குழிக்கும் நடுவில் பாதையின் குறுக்கே ஒரு கறுப்புக் குழாயைப் பதித்து, விளக்குக் கம்பத்தில் ஒரு பெட்டியைச் சங்கிலியால் கட்டிவிட்டுப் போனார்கள். சைக்கிள்களை எண்ணும் கருவி. மூன்று வாரம் இருக்கும் என்றார்கள்.

பூட்டிய பெட்டியைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. கொண்டை ஊசியால் திறந்து பார்த்தேன். உள்ளே ஒரு சின்னக் கண்ணாடியில் எண் தெரிந்தது. குழாயின் மேல் நடந்தேன், எண் அசையவில்லை. குதித்தேன், அசையவில்லை. ஓடி வந்து இரண்டு காலாலும் மிதித்தேன், குதிகால் வலித்ததுதான் மிச்சம். அப்போது ஒரு சைக்கிள் வந்தது. முன்சக்கரம் ஏறி, பின்சக்கரம் ஏறியதும் எண் ஒன்று கூடியது. பின்னாலேயே எலிச் சத்தத்தோடு அத்தையின் வண்டி வந்தது. முன்சக்கரம், பின்சக்கரம். எண் இன்னொன்று கூடியது.

"அத்தை, நீ சைக்கிளாயிட்ட" என்று கத்தினேன்.

"என்னடி உளர்ற, வாலு?"

வண்டியை முன்னும் பின்னும் தள்ளவைத்துக் காட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று. அத்தை இடுப்பில் கைவைத்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தாள். இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாமாவிடம் போய், "கேட்டீங்களா? நான் சைக்கிளாம். பெல்லு மட்டும்தான் இல்லையாம்" என்றாள். மாமா "ரைட்" என்றார்.

சிரித்தோம், பெட்டியை மூடினோம், மறந்துவிட்டோம். அலுவலகத்துக்கு ஓடிப் போய், ஐயா உங்கள் கருவி குப்பை வண்டியையும் எண்ணுகிறது என்று சொல்லவேண்டும் என்று எங்கள் மூவரில் யாருக்கும் தோன்றவில்லை. ஒரு எண் என்ன செய்துவிடும் என்று நினைத்தோம். தப்பு எங்களுடையதும்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எண்ணைப் பார்த்தவர்கள் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நேரில் வந்து பாதையைப் பார்த்திருக்கலாம் அல்லவா?

இரண்டு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலையில் போனால் நடு பெஞ்சுகள் மூன்றும் இல்லை. அவை இருந்த இடத்தில் சிமெண்ட் பூசிய வட்டங்கள். பாதை நெடுக வெள்ளையில் சைக்கிள் படம். ஒரு புதுப் பலகை: ‘அதிகப் போக்குவரத்துள்ள சைக்கிள் பகுதி. நடப்பவர்கள் புல்தரையைப் பயன்படுத்தவும்.’ புல்தரை என்பது ஆற்றை நோக்கிச் சரியும் மேடு பள்ளம். நானே இரண்டு தடவை கால் பிசகி விழுந்திருக்கிறேன். மாமாவின் வலது கால் தூக்கி வைக்கிற கால் இல்லை, இழுத்து வைக்கிற கால்.

பலகையைப் படித்தாரோ இல்லையோ, மாமா வழக்கம்போல் பாதையிலேயே கிளம்பினார். தொண்ணூறாவது அடியில் உட்கார இடம் தேடினார். சிமெண்ட் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். திரும்பிப் போகவும் தொண்ணூறு வேண்டும். முன்னால் போனால் இருநூற்று எழுபது. முன்னால்தான் போனார். நூற்று முப்பதில் கால் மடங்கி, பாதையின் நடுவில் அந்த வெள்ளைச் சைக்கிள் படத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

அத்தையும் நானும் ஓடி வருவதற்குள் மூன்று பேர் அவரைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஒருவன் விடாமல் மணி அடித்தான். பளபளவென்ற காலணியில் ஓடிவந்த ஒரு ஆள் கூட ஓடியவரிடம், "காலங்காத்தாலயே ஏத்திக்கிட்டாரு போல" என்றார்.

அத்தை அந்த ஆளின் பின்னால் பத்தடி ஓடினாள். "நில்லு. ஏய், நில்லுங்கறேன். இருபத்தாறு வருஷம் உன்ன மாதிரி ஆளுங்களைத் தள்ளாட விடாம ஏத்தி இறக்கின மனுஷன்யா அவரு. வந்து வாயை மோந்து பாத்துட்டுப் போ." அவர் காதில் பாட்டு ஓடியிருக்கவேண்டும், திரும்பவில்லை. துடைப்பம் அவரைத் தொடாமல் அத்தை கையிலேயே நின்றதற்கு அவர் அத்தைக்கு நன்றி சொல்லவேண்டும்.

மாமாவைத் தள்ளுவண்டியில் உட்காரவைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். சருகு ஏற்றும் வண்டியில். மறுநாள் அவர் எழுந்திருக்கவில்லை. செருப்பைக் கொண்டுபோய் வைத்தால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். எட்டு நாள் இப்படியே போனது. ஒன்பதாம் நாள் அத்தை அவர் வலது பாதத்தைப் பிடித்து மடக்கப் பார்த்தாள். பாதி மடங்கியது, அதற்குமேல் வரவில்லை.

அன்றைக்கு அத்தை சீருடையை மாற்றாமல், வண்டியை வெளியே நிறுத்திவிட்டு, அலுவலகத்துக்கு நடந்தாள். நானும் போனேன். இரண்டாவது மாடியில் கண்ணாடி போட்ட ஒரு இளம் அதிகாரி. சுவரெல்லாம் கோடு போட்ட தாள். அவருக்கு நான் அப்போதே ‘கிராஃப்’ என்று பெயர் வைத்துவிட்டேன்.

கிராஃப் மரியாதையான ஆள்தான். உட்காரச் சொன்னார். "உங்க பாதைக்குக் கிடைச்ச பெருமைம்மா இது" என்று நீலக் கோட்டைக் காட்டினார். "ஒரு நாளைக்கு நூத்தி எழுபது சைக்கிள். நூத்தி அம்பதைத் தாண்டினாலே தனிப் பகுதி ஆக்கிடணும். பெஞ்சு இருந்தா மோதிடுவாங்க. பாதுகாப்புதான் முக்கியம்."

"சார், அதுல அம்பதுதான் சைக்கிள். மிச்சம் நூத்தி இருபது நான்."

"புரியலையேம்மா."

"என் வண்டி சார். நாலு சக்கரம். குழாய்மேல போக அறுபது, வர அறுபது."

கிராஃப் சிரித்தார். "இல்லம்மா, அப்படியெல்லாம் இருக்காது. இந்தக் கோட்டைப் பாருங்க. ஆறு மணிக்கு ஆரம்பிச்சு ரெண்டு மணிக்கு டக்குனு விழுந்துடுது. வேலைக்குப் போறவங்களோட தெளிவான போக்கு."

"ஆறு டூ ரெண்டு என் டியூட்டி சார்."

"சரி, பத்தரைக்கு இங்க ஒரு பள்ளம் இருக்கு பாருங்க. தினமும் இருபது நிமிஷம். இதை நாங்க ‘இடைவேளைச் சரிவு’ன்னு எழுதியிருக்கோம்."

"நான் டீ குடிக்கிற நேரம்."

அவர் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. தாளைப் புரட்டினார். "பதினாலாம் தேதி மட்டும் மொத்தமே நாப்பத்தெட்டு. வானிலை காரணமா இருக்கலாம்னு..."

"அன்னிக்கு எனக்குக் காய்ச்சல். லீவு."

நான் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை எப்போது வேகமாக நடந்தாள், எப்போது முழங்கால் வலித்து மெதுவானாள், எப்போது டீயை ஊதிக் குடித்தாள், எல்லாம் அதில் இருந்தது. பதினோரு வருடத்தில் அவள் வேலையை ஒருவராவது இவ்வளவு உன்னிப்பாகக் குறித்து வைத்ததில்லை. குறித்துவைத்துவிட்டு, சைக்கிள் என்று பெயர் எழுதிவிட்டார்கள்.

"நடக்கிறவங்க எத்தனைன்னு போட்டிருக்கீங்க சார்?" என்று அத்தை கேட்டாள்.

"அது இந்தக் கருவியில வராதும்மா."

"நான் சொல்றேன், எழுதிக்கோங்க. காலையில மட்டும் இருநூறு பேரு. மூணு பேரு குச்சி ஊனிட்டு வருவாங்க. பிள்ளைத்தாச்சி ஒருத்தி. குச்சி ஊனறவங்கள்ல ஒருத்தர் என் வீட்டுக்காரரு. பெஞ்சை எப்ப சார் திரும்பப் போடுவீங்க?"

கிராஃப் பேனா மூடியைத் திறந்து மூடினார். பெஞ்சுகள் வேறு பூங்காவில் பொருத்தப்பட்டுவிட்டனவாம். அறிக்கை மேலே போய்விட்டதாம். மறுபடி எண்ணவேண்டுமென்றால் அடுத்த வருடம்தானாம். கடைசியாக ஒன்று சொன்னார் பாருங்கள், அங்கேதான் எனக்குக் காது சூடாகிவிட்டது. "கருவி மேல வண்டி ஓட்டி எண்ணிக்கையைக் கெடுத்ததா ஆகிடும்மா இது. நீங்க ஒரு விளக்கக் கடிதம் குடுத்துடுங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

பெஞ்சைக் கேட்கப் போனவள் குற்றவாளியாகத் திரும்பினாள். அன்று மாலை நான் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தேன். "நல்லா நறுக்குன்னு எழுதலாம் அத்தை. நான் நாலு வரி யோசிச்சு வெச்சிருக்கேன்" என்றேன். என் நாலு வரிகளைக் கேட்டுவிட்டு, "இதை எழுதினா ரெண்டு பேரும் உள்ளதான் இருக்கணும்" என்றாள். பிறகு அவள் சொல்லச் சொல்ல எழுதியது இவ்வளவுதான்: ‘குப்பை அந்தப் பக்கம் இருந்தது. குழி இந்தப் பக்கம் இருந்தது. நடுவில் உங்கள் குழாய் இருந்தது.’ கீழே கையெழுத்துப் போட்டாள். அதற்கு இன்றுவரை பதில் இல்லை.

எங்கள் வீடு இரண்டு அறை. சமையல் மேடையை ஒட்டி ஒரு மேசை, அதைச் சுற்றி நாலு மர நாற்காலி. மறுநாள் காலை ஐந்தரைக்கு நான் எழுந்து வந்தபோது மேசையருகே ஒரு நாற்காலிதான் இருந்தது. மற்ற மூன்றும் வாசலில், தள்ளுவண்டியின் மேல், கால் மேலே இருக்கும்படி கவிழ்த்துக் கட்டப்பட்டிருந்தன.

"அத்தை, சாப்பிட எங்க உக்காரறது?"

"தரை எங்கயும் ஓடிப் போகல."

மூன்று சிமெண்ட் வட்டத்தின் பக்கத்திலும், பாதையை விட்டு ஒரு முழம் தள்ளி, ஒவ்வொரு நாற்காலியாக வைத்தாள். கீழே கல் கொடுத்து ஆடாமல் பார்த்தாள். எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்து மாமாவின் முன்னால் செருப்பைப் போட்டாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பினார்.

"இங்க பாருங்க. மூணு நாற்காலியையும் நான் ஒத்தையா சுமந்துட்டுப் போயி வெச்சிருக்கேன். நீங்க வரலன்னா கண்டவனும் உக்காருவான். அந்த மணி அடிச்சவன் வந்து உக்காந்தான்னா எனக்குக் கொலைகேசு ஆயிடும். எழுந்திரிங்க."

மாமா எழுந்தார். அன்று முதல் நாற்காலி வரைதான் போனார். கால் திரும்பவும் பழகவேண்டியிருந்தது.

நாலாவது நாள் நோட்டீஸ் வந்தது. ‘பாதையோரம் கேட்பாரற்றுக் கிடக்கும் மூன்று நாற்காலிகளை அப்பகுதித் துப்புரவுப் பணியாளர் உடனடியாக அகற்றிக் கையொப்பமிட்டு அனுப்பவும்.’ அப்பகுதித் துப்புரவுப் பணியாளர் யார்? அத்தைதான். நாற்காலியை வைத்தவளிடமே எடுக்கச் சொல்லி எழுதியிருக்கிறார்கள். எழுதியவருக்கு அது தெரியாது, தெரிந்துகொள்ளும் அவசியமும் அவருக்கு இல்லை.

அத்தை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். "உடனடியான்னா எப்ப?"

"உடனேன்னு அர்த்தம்."

"மணி போட்டிருக்கா?"

"இல்ல."

"அப்ப ரெண்டு மணிக்கு டியூட்டி முடியறப்ப எடுத்துடறேன்." எடுத்தாள். மூன்றையும் வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, துடைத்து, மேசையைச் சுற்றிப் போட்டாள். ‘அகற்றப்பட்டது’ என்று நான் எழுத, கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். பொய் ஒரு துளிகூட இல்லை. மறுநாள் காலை ஆறு மணிக்கு நாற்காலிகள் மறுபடி பாதையோரம் இருந்தன. அடுத்த வாரம் அடுத்த நோட்டீஸ். அகற்றப்பட்டது. அதற்கடுத்த வாரம் இன்னொன்று. அகற்றப்பட்டது.

ஆறாவது நோட்டீசுக்குப் பிறகு கிராஃபே நேரில் வந்தார். கையில் கோப்பு, காலில் பளபளப்பான தோல் காலணி. பாலத்தில் இறங்கி நடந்து வந்திருக்கிறார், வெயில் ஏறிவிட்டது. மூன்றாவது பெஞ்சு இருந்த இடத்து நாற்காலி வரை வந்ததும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, நெடுநாள் பழக்கம்போல் அதிலேயே உட்கார்ந்தார்.

"இதுதானேம்மா அது? எத்தனை தடவை எழுதறது உங்களுக்கு?"

"எழுதறப்பல்லாம் எடுத்துட்டேனே சார். கையெழுத்து வரலையா?"

"வருது. ஆனா நாற்காலி இங்கயே இருக்கே."

"கொஞ்சம் எந்திரிக்கிறீங்களா சார்?"

கிராஃப் அத்தை பார்த்த பக்கம் திரும்பினார். மாமா வந்துகொண்டிருந்தார். முந்தைய நாற்காலியிலிருந்து எழுபதாவது அடி இருக்கும். இடது கையில் குச்சி, வலது கால் தார் மேல் ஒரு நீளக் கோடு இழுத்துக்கொண்டு வந்தது. முகமெல்லாம் வேர்வை. கண் நாற்காலியின் மேலேயே இருந்தது. அதில் யாரோ உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அவர் நடை குழம்பியது. குச்சி ஒருமுறை வழுக்கியது. நான் ஓடப் போனேன், அத்தை என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"சார்" என்றாள் அத்தை. குரலை உயர்த்தவில்லை.

கிராஃப் எழுந்தார். எழுந்து, எங்கே நிற்பது என்று தெரியாமல் புல்லில் இறங்கினார். காலணி ஒரு பள்ளத்தில் புதைந்து, உடம்பு ஆற்றுப் பக்கம் சரிய, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாமா மீதி இருபது அடியையும் நடந்து வந்து உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. கிராஃபின் கை இன்னும் நாற்காலி முதுகிலேயே இருந்தது. ஒரு சைக்கிள் போனது. நடக்கிறவர்கள் ஒன்பது பேர் போனார்கள், நான் எண்ணினேன்.

"எவ்ளோ நேரம் உக்காருவாரு?" என்று கிராஃப் மெதுவாகக் கேட்டார்.

"தெரியலையே சார். நீங்கதான் எண்ணுற ஆளு, எண்ணிப் பாருங்க."

அவர் கோப்பைத் திறந்தார், ஏதோ எழுதினார், மூடினார். வந்த வழியே பாதையில்தான் திரும்பிப் போனார், புல்லில் இறங்கவில்லை. என்ன எழுதினார் என்று எங்களுக்குத் தெரியாது. பெஞ்சு வருமா என்றும் தெரியாது. அடுத்த திங்கட்கிழமை ஏழாவது நோட்டீஸ் வந்தது. அதே வாசகம், தேதி மட்டும் வேறு. அத்தை அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு இரண்டு மணி ஆகட்டும் என்றாள். மாமா அப்போது இரண்டாவது நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டிருந்தார்.